பொறுப்பு உயர்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது



பண்ருட்டியின் முந்திரித் தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் பதவி உயர்வு பெறும்போது மகிழ்ந்து துஆச் செய்கிறோம். ஆனால் நேற்றுவரை உடன் வேலை செய்தவர்களுக்கே இன்று பொறுப்பாளராவது எளிதன்று. அதிகாரம் காட்டினால் மனங்கள் விலகும். பழைய நட்புக்கு அஞ்சி வாய் மூடினால் வேலை கெடும். இந்த இக்கட்டை அழகாகக் கடந்த இருவரை வரலாற்றில் காண்போம்.

ஹிஜ்ரி 87ஆம் ஆண்டில் (கி.பி. 706) கலீஃபா வலீத், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களை மதீனாவின் ஆளுநராக நியமித்தார். அப்போது அவர்கள் இருபதுகளில் இருந்த இளைஞர். மதீனாவோ அவர்கள் கல்வி கற்ற ஊர். ஆசிரியர்களுக்கும் மூத்தோருக்கும் மேலாக அமர வேண்டிய நிலை. ஊர் வந்து லுஹர் தொழுததும் அவர்கள் செய்த முதற் காரியம், அவ்வூரின் மார்க்க அறிஞர் பத்துப் பேரை அழைத்ததுதான். உர்வா இப்னு ஸுபைர், காசிம் இப்னு முஹம்மத், தம் ஆசிரியர் உபைதுல்லாஹ் (ரஹ்) ஆகியோர் அவர்களுள் இருந்தனர். உங்கள் ஆலோசனையின்றி எதையும் முடிவு செய்ய விரும்பவில்லை என்றும், அதிகாரிகள் எவரேனும் அநீதி இழைப்பதைக் கண்டால் எனக்குத் தெரிவியுங்கள் என்றும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியர்கள் மனநிறைவோடு கலைந்து சென்றனர்.

இனி நம் தமிழகத்து மைந்தர். இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1982 ஜூனில் ஐதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்திற்கு இயக்குநராகச் சென்றார்கள். அங்கு 'டெவில்' ஏவுகணைத் திட்டம் கைவிடப்பட்டு, ஊழியர்கள் சோர்ந்திருந்தனர். வெளியிலிருந்து வந்த தலைவர் ஆணைகளால் தொடங்கியிருக்கலாம். அவரோ ஆய்வகத்திற்குள் ஏவுகணைத் தொழில்நுட்பக் குழுவை அமைத்து, நடுநிலை அறிவியலாளர்களையும் முடிவெடுப்பதில் பங்குகொள்ளச் செய்தார்கள். 1983இல் பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி ஆகிய ஐந்து ஏவுகணைகளுக்கான திட்டம் தொடங்கியபோது, ஒவ்வொன்றையும் ஒரு திட்ட இயக்குநரிடம் நம்பி ஒப்படைத்தார்கள்.

இந்தப் பண்பை அவர் எங்கே கற்றார்? 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் பொறுப்பேற்றிருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்முன் தாமே நின்று தோல்வியை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அது வெற்றி பெற்றபோதோ, பேசுமாறு கலாமை முன்னிறுத்தினார். பழி தலைவருக்கு, புகழ் குழுவுக்கு! 1989இல் அக்னியின் ஏவுதல் இருமுறை தள்ளிப்போய், நாளிதழ்கள் கேலிச்சித்திரம் வரைந்தன. அப்போது கலாம் அவர்கள் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. கடலில் விழுந்த தம் ஏவுகலத்தை நினைவூட்டி, குழுவைத் தேற்றினார்கள். மே 22 அன்று அக்னி வெற்றிகரமாகப் பறந்தது.

கலந்தாலோசிப்பது பலவீனம் என்று எண்ணுவோர் உண்டு. மதீனாவிற்கு வெளியே சென்று போரிடலாம் என்ற பலரின் ஆலோசனையை நபி (ஸல்) அவர்கள் உஹதில் ஏற்றார்கள்; அங்கு முஸ்லிம்களுக்கு இழப்பு நேர்ந்தது. ஆயினும் அதற்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் 159ஆம் வசனம், அந்தத் தோழர்களை மன்னித்து, அவர்களுடன் தொடர்ந்து ஆலோசிக்குமாறே கட்டளையிட்டது. அதே வசனம், உறுதி கொண்டபின் அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கவும் சொல்கிறது. ஆகவே கேட்பதும் கடமை. கேட்டபின் முடிவெடுத்து, அதன் பொறுப்பைத் தாமே சுமப்பதும் கடமை.

புதுப் பொறுப்பேற்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே: முதல் வாரத்தில் எதையும் மாற்றும் முன், அந்த வேலையில் உங்களைவிட மூத்தவரிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். பதவி ஓர் அமானிதம். மறுமையில் அதுபற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அதை நேர்மையாக நிறைவேற்றும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.