சித்தன்னவாசல் மீன்களும் மடை திறந்த கைகளும்

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டின் தாமரைக் குளம் ஒன்று ஓவியமாக இருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் அதில் ஒரே நீரில் இருக்கிறார்கள். நம் புதுக்கோட்டை மண்ணில் அந்த நீர் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்கு மட்டும் ஓடுபவை. அதனால் இங்கே கண்மாய்தான் மீனுக்கு வீடு. வரத்துவாய்க்காலில் எதிரேறி வரும் கெளுத்தியும் கெண்டையும் விராலும் அங்கேதான் பெருகின. மீன் வருவாயான பாசிப்பாட்டத்தைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. குமிழித்தூம்பு செய்து கொடுத்தவர் பெயரும் கல்லில் இருக்கிறது. நீருக்குள் முங்கி அதைத் திறந்தவர் பெயர் இல்லை. பல ஊர்களில் அந்த நீர்பாய்ச்சிகள் நம் மக்கள்.

மடை காத்தவர்களுக்கே படித்துறை மறுக்கப்பட்டது. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது இந்த அநீதிக்கு எதிராகத்தான். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே தீண்டாமைத் தடைகளை நீக்கியது. ஆனாலும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

இன்று தைலமரத் தோப்புகளும் ஆக்கிரமிப்பும் வரத்தை மறிக்கின்றன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா நாட்டுமீன்களை நெருக்குகிறது. வாய்க்காலை மீட்காமல் மீன் திரும்பாது. மீட்ட கண்மாயின் மீன்பாசிக் குத்தகையிலும் நிர்வாகத்திலும் சேரிக்குச் சமபங்கு வேண்டும். அதையும் சேர்த்துத்தான் நாம் நீர்நிலைப் பாதுகாப்பு என்கிறோம்.