உதயகிரி உலைக்களம்

ராதாபுரத்திலிருந்து காவல்கிணறு போய் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில் நாடு. தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் எழுந்து நிற்கும் கருங்கல் மதில்தான் உதயகிரிக் கோட்டை. திருவிதாங்கூருக்குப் பீரங்கி வார்த்த உலைக்களம் இதற்குள் இருந்தது.

அதை நடத்தியவர், போரில் பிடிபட்ட ஓர் அயல்நாட்டார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரி யூஸ்டாக்கியஸ் டிலனாய், 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் சிக்கினார். அவரது திறமையை மன்னர் வீணாக்கவில்லை. படைப்பயிற்சி, கோட்டைத் திருப்பணி, ஆயுத வார்ப்பு மூன்றும் அவர் பொறுப்பாயின.

வெண்கலப் பீரங்கியில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். மண் அச்சில் சற்றே ஈரம் தங்கினாலும் உருகிய உலோகம் பொங்கித் தெறிக்கும். உள்ளே காற்றுக்குமிழி அகப்பட்டால், சுடும்போது குழல் வெடித்துச் சுடுபவரையே கொன்றுவிடும்.

டிலனாயின் வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் கணவாய்க்கு இந்தப் பக்கமும் வந்தாக வேண்டும். கோட்டைப் பணியில் அவரோடு பழகிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, துயரத்தில் அவரிடம் ஆறுதல் தேடிக் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று நம் ராதாபுரம் வட்டத்து வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைத் திருவிதாங்கூர் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் வாத்திகன் அவரைப் புனிதராக அறிவித்தது.

டிலனாயின் மகன் யோவான், 1765இல் களக்காட்டுப் போரில் மாண்டான். பீரங்கி வார்த்தவர் வீட்டுக்கும் போர் இழவைக் கொண்டுவந்தது.

1777 ஜூன் 1 அன்று டிலனாய் மறைந்தார். கோட்டைக்குள் கூரையிழந்த சிறு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்வெட்டு, அவருடைய படைத்தொண்டையும் வெற்றிகளையும் சொல்கிறது. அச்சுக்கு மண் பிசைந்தவர், துருத்தி ஊதியவர், செம்பு உருக்கியவர் பெயர் எதுவும் அதில் இல்லை. அவர்கள் கைத்திறன் இல்லாமல் ஒரு குழல்கூட உருவாகியிருக்காது. தளபதியின் கல்லறையோடு ஆய்வை முடித்துக்கொண்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மீதியைக் கம்மாளர் வீட்டு ஓலைகளிலும் கோவில் கணக்குகளிலும் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலும் தேட வேண்டும். அப்படி ஓர் ஓலை உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், கரையானுக்கு விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம், களக்காடு.