அவிழ்த்துவிட ஓர் இடம்

நாயைக் கயிற்றில் கட்டி வளர்ப்பது தஞ்சைச் சீமைக் கிராமங்களுக்கு நேற்று வந்த வழக்கம். முன்பெல்லாம் தெருதான் அதற்கு வீடு, களத்துமேடுதான் மைதானம். இப்போதோ வேதாரண்யம் கடைத்தெருவிலேயே சங்கிலியோடு நடக்கும் ராஜபாளையத்து நாயைப் பார்க்கிறேன். "இதை எங்கே சார் கொஞ்சம் ஓடவிடுவது?" என்று அதன் எஜமானர்கள் என்னைக் கேட்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை!

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தார் 1979-ல் நாய்களை அவிழ்த்துவிடுவதற்கென்றே ஒரு பூங்கா வைத்தார்கள். இந்த வகையில் முதலாவது அதுதான் என்பார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் ஒன்று அமைத்தது. இத்தகைய பூங்காக்களின் சூட்சுமம் வாசலில் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

இது வேதாரண்யத்துக்காரர்களுக்குப் புதிய பாடமல்ல. மறைக்காட்டுக் கோயிலின் அடைபட்ட கதவு திறக்க அப்பர் பாடினார். அது மூடிக்கொள்ளச் சம்பந்தர் பாடினார் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. திறப்பதற்கு ஒருவர் என்றால், மூடுவதற்கும் ஒருவர் வேண்டியிருந்தது!

"பக்கத்தில் கோடிக்கரை இருக்கிறதே, அங்கே விடலாமே?" என்பவர்கள் உண்டு. கூடாது, ஐயா. 1967-ல் அந்தக் காட்டைச் சரணாலயமாக்கியது வெளிமானுக்காக. மான் குட்டி பிறந்த புதிதில் ஓடாது. புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். வேட்டைக்கென்றே வளர்த்த இனத்து மூக்குக்கு அது எம்மாத்திரம்? கடற்கரையிலோ தை, மாசியில் ஆமைகள் முட்டையிட வரும். நாய் மணலைத் தோண்டிவிடும். குளிர்காலத்தில் வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைகளை நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் அவற்றுக்கு அது பட்டினி.

அங்கே திரியும் மட்டக்குதிரைகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் மனிதனிடம் வளர்ந்த இனந்தான். இன்று கடிவாளம் இல்லை. ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது, மான்களோடு அவையும் மாண்டன. அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. பொழுது சாய்ந்ததும் கூப்பிட்டு அழைத்துப் போக ஓர் ஆளும் வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. நாய்க்கு அந்த ஆள் இருக்கிறார். அதுவே அதன் பாக்கியம்.

ஆகவே என் யோசனை இது. சம்பா அறுவடை முடிந்தபின் காய்ந்து கிடக்கும் வயல் நமக்கு இயற்கை கொடுத்த பூங்கா. மிராசுதாரர் ஆனாலும் குத்தகைக்காரர் ஆனாலும், உழுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆட்டுக்கிடை போட்டிருந்தால் வேறு வயல் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்கிய பிறகே கயிற்றை அவிழுங்கள். உளுந்தும் பயறும் தெளித்த வயலில் மட்டும் கால் வைக்க வேண்டாம். அது ஒருவருடைய கோடைக்காலச் சோறு.

மற்றபடி, அரை ஏக்கர் புறம்போக்கு, ஒரு வேலி, இரண்டு கதவுகள்: இவ்வளவுதான் செலவு. நம் நகரசபையார் மனம் வைத்தால் நாயும் ஓடும், மானும் பிழைக்கும்.