ஆற்றின் அடியில் ஒரு வளைவு



இங்கிலாந்து தேசத்தில் செவர்ன் நதியின் கரையில் ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயர் அயர்ன்பிரிட்ஜ், அதாவது இரும்புப் பாலம். உலகில் வார்ப்பிரும்பால் கட்டப்பட்ட முதல் பெரிய பாலம் அங்கே நிற்கிறது. அந்தப் பாலமே ஊருக்குப் பெயர் கொடுத்தது.

அருகிலுள்ள கோல்புரூக்டேலில், 1709ஆம் ஆண்டு ஆபிரகாம் டார்பி என்பவர், மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த அச்சபையாருக்கு அக்காலத்தில் பல்கலைக்கழகங்களும் அரசுப் பதவிகளும் அடைக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர்களில் அநேகர் தொழிலிலும் வணிகத்திலும் தங்கள் உழைப்பைச் செலுத்தினர்.

அவருடைய பேரனான மூன்றாம் ஆபிரகாம் டார்பியே இப்பாலத்தைக் கட்டியவர். பாலத்தை வரைந்த தாமஸ் பிரிட்சார்ட், வேலை தொடங்கிய காலத்திலேயே, 1777இல் மரித்துப்போனார். ஏறக்குறைய 1,700 வார்ப்புத் துண்டுகளும் 378 டன் இரும்பும் சேர்ந்து, 30 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவாக 1779இல் எழும்பின. இரும்பை இப்படி இணைப்பதற்கு முன்மாதிரி இருக்கவில்லை. எனவே மரத்தச்சர் செய்வதுபோலத் துளையில் கழுந்தைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். 1781 புத்தாண்டு நாளில் பாலம் திறக்கப்பட்டது. செலவோ மதிப்பீட்டை மிஞ்சிற்று. அந்தப் பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட டார்பி, 1789இல் நாற்பது வயதை எட்டுமுன்னே கடனோடு மரித்தார்.

1795இல் செவர்ன் நதியில் பெருவெள்ளம் வந்தது. மற்ற பாலங்கள் சேதமடைந்தபோது இரும்புப் பாலம் அசையாமல் நின்றது. ஆயினும் அதற்கு வேறொரு ஆபத்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் இரு சரிவுகளும் சிறிது சிறிதாக ஆற்றை நோக்கி நகர்ந்தன. இரு கரைகளிலும் பாலத்தைத் தாங்கும் கற்கட்டுகள் உள்நோக்கித் தள்ளப்பட, வளைவு நெருக்குண்டது. வார்ப்புகளில் விரிசல் கண்டது. வெவ்வேறு தலைமுறையினர் இரும்புப் பட்டைகளையும் ஆணிகளையும் இட்டு அதைப் பழுதுபார்த்தனர். 1934இல் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. பாலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று.

ஆனால் மேலே எத்தனை பட்டைகள் இட்டாலும் கீழே கரை நகர்வது நிற்கவில்லை. ஆகவே 1972 முதல் 1975 வரை, ஆற்றின் அடியில் கான்கிரீட்டால் தலைகீழான ஒரு வளைவைக் கட்டினார்கள். அதுவே இரு கற்கட்டுகளையும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் பிடித்திருக்கிறது. பாலத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் இரும்பு வளைவையும் தண்ணீரில் அதன் நிழலையும் காண்கிறார்கள். நிழல் விழும் இடத்திற்குக் கீழே மெய்யாகவே இன்னொரு வளைவு பாரம் சுமக்கிறது என்பதை அநேகர் அறியார்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பாலம் மறுபடியும் சாரம் கட்டிச் செப்பனிடப்பட்டது. பழைய வண்ணப் பூச்சுகளை ஆராய்ந்தபோது, அதன் முதல் நிறம் கருஞ்சிவப்புக் கலந்த பழுப்பு என்று தெரியவந்தது. பலகாலம் சாம்பல் நிறமாயிருந்த பாலத்துக்கு அந்த ஆதி நிறம் திரும்பக் கொடுக்கப்பட்டது. துரு ஒருநாளும் ஓய்வதில்லை. ஆகையால் காக்கிறவர்களும் ஓய முடியாது.

பிரியமானவர்களே, கட்டினவரின் பெயரை வரலாறு எழுதிவைக்கிறது. ஆற்றின் அடியில் நின்று கான்கிரீட் இட்டவர்களின் பெயர்களை யார் அறிவார்? எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்தபோது, அவரவர் தங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைப் பழுதுபார்த்தார்கள் என்று நெகேமியாவின் புத்தகத்தில் வாசிக்கிறோம். நம் முன்னோர் கடன்பட்டும் கட்டித் தந்தவை நம்மிடத்தில் அநேகம் உண்டு. அவற்றைப் புகழ்வது எளிது. நம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதி எது என்று இந்த வாரம் நிதானித்து அறிந்து, அங்கே கைவைப்போமாக.