புரதங்களுக்கு ஏடு தொகுத்த அம்மையார்

இருபது வகை அமினோ அமிலங்கள் எழுத்துகளைப் போல் வரிசையாகக் கோக்கப்பட்டு அமைந்தவை புரதங்கள். அவ்வரிசை ஒன்றை முதன்முதலில் முழுமையாகப் படித்தறிந்தவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர். 51 அமினோ அமிலங்களே கொண்ட இன்சுலினைப் படித்து முடிக்க அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. 1955இல் முடிவுற்ற அப்பணி 1958இல் நோபல் பரிசை ஈட்டியது.

நீண்ட புரதத்தை ஒரே மூச்சில் படித்தல் இயலாது. அதனைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றன் இறுதியும் மற்றொன்றன் முதலும் ஒத்துவரும் இடம் கண்டு பொருத்துதல் வேண்டும். இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தவர் அமெரிக்க அறிஞர் மார்கரெட் டேஹாஃப் அம்மையார். 1925இல் பிறந்த இவர், துளையட்டைப் பொறிகளால் வேதியியல் கணக்குகளைச் செய்து முனைவர் பட்டம் பெற்றவர். ராபர்ட் லெட்லியுடன் சேர்ந்து, ஐ.பி.எம். 7090 பொறிக்கென 1962இல் 'காம்ப்ரோட்டீன்' என்னும் நிரலை ஆக்கினார். மாதக்கணக்கில் மனிதர் செய்யும் பொருத்தத்தை அது சில நிமிடங்களில் செய்யவல்லது.

பின்னர், அன்றறியப்பட்ட 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி 1965இல் ஒரு தொகுப்பேடு வெளியிட்டார். அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துப் பெயர் வழங்கியவரும் இவரே. பொறியின் நினைவகத்தில் இடம் மிச்சப்படுத்த எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

வரிசைகளை ஒப்பிட்டபோது உயிர்களின் உறவு விளங்கிற்று. சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தின் 104 இடங்களுள் மனிதனுக்கும் குதிரைக்கும் 12 இடங்கள் வேறுபடுகின்றன. மனிதனுக்கும் ரீசஸ் குரங்குக்கும் வேறுபடுவது ஒன்றே.

ஆயினும், பிறர் கண்டதைத் தொகுப்பது ஆராய்ச்சியாகுமா என்று ஐயுற்றோர் பலர். அம்மையாரின் நிலையமோ செலவை ஈடுகட்டத் தொகுப்பை விலைக்கு விற்றது; மறுபடி வெளியிடவும் தடை விதித்தது. தம் உழைப்பில் விளைந்த செய்தி பொதுவுடைமையாக வேண்டும் என ஆய்வாளர் விரும்பினர். 1982இல் அமெரிக்க அரசின் மரபணுத் தொகுப்புப் பணி, அனைவர்க்கும் திறந்துவைக்க முன்வந்த லாஸ் அலமாஸ் கூடத்துக்குச் சென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அம்மையார் மறைந்தார்.

அதே 1983இல், குரங்கினத்தில் புற்றுநோய் விளைக்கும் வைரசு ஒன்றின் மரபணு, உடலின் வளர்ச்சிக்காரணிப் புரதத்தை ஒத்திருப்பதைக் கணிப்பொறி ஒப்பீடு காட்டியது. புற்றுநோய் பற்றிய அறிவில் அது ஒரு திருப்பம். தொகுப்பு இல்லையேல் ஒப்பீடு ஏது? தொகுப்பைத் திறந்துவைத்தல் அறம். தொகுத்தவரை மறவாமையும் அறமே.