லாரியும் சித்தப்பாவும்

2004ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் தமிழ்த் திரையில் இரண்டு காதலர்களுக்குப் புத்தி பேதலித்தது. அக்டோபரில் செல்வராகவனின் ‘7ஜி ரெயின்போ காலனி’யில் கதிர், டிசம்பரில் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்தில் முருகன். அந்தப் பத்தாண்டில் உனக்குப் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் ‘அன்பே சிவம்’, ‘பிதாமகன்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்று வாய் வரிசையாகச் சொல்லிவிடும். மனசு போய் நிற்பது என்னவோ இந்த இரண்டில்தான்.

காதலியை இழந்தவன் பித்தனாவது நமக்குப் புதிதில்லை. 1999இல் பாலாவின் ‘சேது’ போட்ட தடத்தில்தான் இரண்டு படங்களும் நடக்கின்றன. பாட்டெழுதியவரும் இரண்டுக்கும் ஒருவரே, நா. முத்துக்குமார். இரண்டு நாயகர்களின் கையிலும் கிரீஸ் படிந்திருக்கிறது. முருகன் மதுரையில் டூவீலர் மெக்கானிக். கதிருக்குப் படிப்பு ஏறவில்லை. உருப்படியாகத் தெரிந்த ஒன்று, பைக்கைப் பிரித்துக் கோர்ப்பது. அதை அவன் காதலிக்கும் அனிதா கண்டுகொண்டு ஹீரோ ஹோண்டாவில் வேலை கிடைக்கும்வரை அவனை விடாமல் தள்ளுகிறாள். ஒருவனுக்கு அந்தக் கிரீஸ் மேலே ஏறும் படி. இன்னொருவனுக்கு அதுவே பெண் வீட்டார் அவனை எடைபோடும் அடையாளம்.

7ஜியில் என்னை அசைத்தது காதல் காட்சி எதுவும் இல்லை. எந்நேரமும் மகனைக் கரித்துக்கொட்டும் அப்பா, அவனுக்கு வேலை கிடைத்த அன்று இரவு, அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து மனைவியிடம் பெருமையில் உடைந்து அழும் காட்சி. நடித்தவர் விஜயன். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் மனைவி பிள்ளைகளை வதைத்த அதே விஜயன் என்பது தெரிந்திருந்தால் அந்தக் காட்சியின் கனம் இன்னும் கூடும். முகத்துக்கு நேரே ஒரு நல்ல சொல் சொல்லத் தெரியாத தகப்பன்மார் நிறைந்த ஊரில், தியேட்டரில் ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் வியப்பில்லை. ‘காதல்’ படத்துத் தகப்பனுக்கு இப்படி ஒரு ராத்திரி இல்லை. தண்டபாணி அந்தப் பாத்திரத்தில் கத்தாமலே பயமுறுத்தினார். பிறகு ஆயுள் முழுக்க ‘காதல்’ தண்டபாணி என்றே அழைக்கப்பட்டார். அவரும் மகள்மேல் பாசம் உள்ளவர்தான். ஆனால் அந்தப் பாசத்துக்குச் சாதி என்கிற எல்லைக்கல் உண்டு.

பெண்கள் விஷயத்தில் இரண்டு படங்களும் வெவ்வேறு திசையில் போகின்றன. கதிர் முதல் பாதியில் செய்வதை இன்றைக்கு உட்கார்ந்து பார்ப்பது சிரமம். துரத்துகிறான், தொந்தரவு செய்கிறான். செல்வராகவன் அதை வீரமாகக் காட்டவில்லை. அனிதாவின் முகத்தில் தெரியும் அருவருப்பையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு. ஆனாலும் கதை கடைசியில் சாய்வது அவன் பக்கமே. அனிதா தன் வாழ்க்கையில் தானாக ஒரு முடிவெடுத்து அவனோடு ஓர் இரவு தங்குகிறாள். விடிந்ததும் லாரி வந்து அவள் உயிரைப் பறித்துவிடுகிறது. யாரும் அனுப்பாத லாரி. அதோடு அவள் குடும்பத்தின் எதிர்ப்பு, பணம், அந்தஸ்து என்று அதுவரை கதை கிளப்பிய கேள்விகள் எல்லாம் ரோட்டிலேயே முடிந்துபோகின்றன. விதியிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

‘காதல்’ படத்தில் துணிச்சல் முழுக்க முருகனின் காதலி ஐஸ்வர்யாவுடையது. ஓடிப்போகலாம் என்று நெருக்குபவள் அவள். முருகன் பயப்படுகிறான், சரியாகவே பயப்படுகிறான். (பள்ளிச் சீருடைக் காதலை இத்தனை இனிப்பாகக் காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு.) சென்னையில் அவர்களுக்குக் கிடைப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன், தனிக்கட்டை ஆண்களின் கூடு. அந்த ஆண்கள்தான் சொந்தக்காரர்களாகிக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். ஹீரோவாக மட்டுமே நடிப்பேன் என்று அடம்பிடிக்கும் விருச்சிககாந்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே ஐஸ்வர்யாவின் சித்தப்பா வந்துவிடுகிறார். கோபமே இல்லை. ஊருக்கு வாங்க, பேசிக்கொள்ளலாம் என்கிற தொனியில் அன்பாக அழைத்துப்போகிறார். அந்தப் பயணத்தில் அவர் காட்டும் கனிவு, பிறகு விழும் அடிகளைவிடக் கொடூரமானது. இங்கே தாலியைக் கழற்ற வைப்பது விதி இல்லை. முறை சொல்லிக் கூப்பிடக்கூடிய, நேற்றுவரை ஒரே பந்தியில் சாப்பிட்ட ஆட்கள். முருகனின் உயிருக்காக ஐஸ்வர்யா வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள்.

அதனால்தான் இரண்டு பித்துகளும் ஒன்றில்லை. கதிரின் பித்தில் அனிதா உயிரோடு இருக்கிறாள், அவனோடு பேசுகிறாள், கூடவே நடக்கிறாள். யுவன் சங்கர் ராஜாவின் இசை அதை ஏறக்குறைய ஒரு பாக்கியமாகவே ஆக்கிவிடுகிறது. இளம் வயதில் நானும் அந்த முடிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். முருகனின் பித்துக்கு அப்படிப்பட்ட அழகு கிடையாது. அழுக்கும் சடையுமாக, பத்துப் பேர் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோகும் தெருவில் கிடக்கிறது. கதிர் மனசுக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டான். முருகனுக்கு நெஞ்சில் பச்சை குத்திய பெயர் மட்டும்.

என் தராசு ‘காதல்’ பக்கம் தாழ்வதற்கு இதுவரை சொன்ன காரணங்கள் போதாது. பெரிய காரணம் ஐஸ்வர்யாவின் கணவன். ஐஸ்வர்யா கைக்குழந்தையோடும் கணவனோடும் வரும்போது முருகனைப் பார்த்துவிடுகிறாள். ராத்திரி தாங்க முடியாமல் அவனைத் தேடி ஓடுகிறாள். பின்னாலேயே வந்த கணவன் அவளை அடிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. முருகனைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகிறான். சில நிமிடமே திரையில் இருக்கும் அந்த மனிதனுக்கு அறிமுகக் காட்சி இல்லை, பாட்டு இல்லை. படம் முழுக்க எத்தனையோ ஆண்கள் ‘எங்க வீட்டுப் பொண்ணு’ என்று உரிமை பேசியிருக்கிறார்கள். சட்டப்படியும் ஊர்ப்படியும் அந்த உரிமை உள்ள ஒருவன், அதைச் சொல்லாமல் குனிந்து இன்னொருவனைத் தூக்குகிறான். 7ஜியை நான் அதிக முறை பார்த்திருக்கிறேன். பாட்டுக்காக இனியும் பார்ப்பேன். ஆனால் அனிதா செத்துப்போன அந்தக் கதையில் இப்படி ஒருவன் வந்து நிற்க இடமே இல்லை.