பதுளை ரயிலில் வந்த பத்திரிகை

அறிஞர் சித்திலெப்பை 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியபோது மலையக ரயில் பாதை நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. நானு ஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல்; பதுளைக்கு 1924இல். முஸ்லிம் நேசனின் உள்ளடக்கம் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அப்படியோர் இதழ் எந்த வண்டியில், எத்தனை நாள் கழித்து, யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று குறைவாகவே கேட்டிருக்கிறோம். இணையச் செய்தியா, அச்சுப் பத்திரிகையா என்ற இன்றைய விவாதத்தை ஊவாவில் இருந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு முதலில் எழுவது இந்தக் கேள்விதான்.

தோட்டங்களுக்குள் பத்திரிகை போவதற்கு ரயில் மட்டும் போதுமாக இருக்கவில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு வரும். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியின் வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையக வரலாற்றில் பலரும் அறிந்த சங்கதி. புடவை மூட்டை தூக்கி லயம் லயமாக நடந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். துரைமார் வியாபாரியை விட்டார்கள், பத்திரிகைக்காரனை விடவில்லை.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வந்தபின் நிலைமை மாறியது. கொழும்பிலிருந்து பதுளைக்கு 292 கிலோமீற்றர். இரவுத் தபால் ரயில் விடியும்போது ஊவாவுக்கு வரும். எல்லவில் வாப்பா வைத்திருந்த சில்லறைக் கடையில் இரண்டு பத்திரிகைகள்தான் எடுப்போம். ஒருவர் சத்தமாக வாசிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள், இடையிடையே மறுத்துப் பேசுவார்கள். "நானா, எங்க தோட்டத்துச் சங்கதி ஏதும் போட்டிருக்கா?" என்று கேட்காமல் பெரியவர்கள் சாமான் வாங்க மாட்டார்கள். அநேகமாக ஒன்றும் இருக்காது. வாசித்து முடிந்த தாள்கள் சீனிக்கும் பருப்புக்கும் சரையாகிப் போகும். ஒரு வாரம் பழைய செய்தியை லயத்தில் யாராவது விரித்து வாசித்துவிட்டு, அடுத்த நாள் வந்து மீதிக் கதை கேட்டதும் உண்டு.

இனி 2014 ஒக்டோபர் 29. அன்று காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தூர இடங்களில் வேலை செய்த பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசிதான் சேதி சொன்னது. அவர்களில் சிலர் அன்று மாலையே பண்டாரவளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதைக் கண்டேன். மறுநாள் பத்திரிகையை நம்பியிருந்தால் அவர்களுடைய கதி என்ன? வேகத்தைப் பழிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆனால் அன்றைய எண்ணிக்கைகளை நினைத்துப் பாருங்கள். காணாமற் போனோர் நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முன்னூறு என்றும் வந்தது. பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருந்த நேரம். யார் வீட்டில் இருந்தார், யார் இல்லை என்று கணக்கெடுக்கவே நாட்கள் பிடித்தன. பிற்பாடு உத்தியோகபூர்வக் கணக்கு நாற்பதுக்குள் இறங்கியது. பத்திரிகையும் பிழையான தொகையைத்தான் அச்சடித்தது. ஆனால் 30ஆம் திகதி என்ன சொல்லப்பட்டது என்பதை அந்தத் தாளை எடுத்து இன்றும் பார்க்கலாம். இணையத்தளத்தில் பழைய தொகையின் மேல் புதிய தொகை ஏறிவிடும், அடையாளமே இருக்காது. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நம்மில் மிகப் பெரும்பாலோர் அதை அறிந்தது மண் சரிந்த பிறகுதான். தாளிலும் தேடினோம், திரையிலும் தேடினோம், "எங்க தோட்டத்துச் சங்கதி" இருக்கவில்லை.

அச்சு என்றால் நேர்மை என்று சொல்ல நான் வரவில்லை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது முகநூல் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்; அந்த நிறுவனமே 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் 2019 மே 23ஆம் திகதி, ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற கதை வந்தது முகநூலில் அல்ல, 'திவயின' நாளிதழின் முதற்பக்கத்தில். அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் சொன்னது. அந்த முதற்பக்கம் திகதியோடு இருக்கிறது, அழிக்க முடியாது. திகன நாட்களில் கைமாறிய வட்ஸ்அப் தகவல்களை இன்று எங்கே போய்த் தேடுவது?

2022 மார்ச்சில் காகிதம் கிடைக்காமல் 'திவயின', 'ஐலண்ட்' இரண்டினதும் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சேறாமல் நின்றதையும் கண்டோம். அச்சிட்ட பிரதி சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகிறது. பழைய இதழ்களை 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறது. ஆக, தாளைக் காப்பாற்றுவதும் இப்போது திரைதான். 2014 ஒக்டோபர், நவம்பர் பத்திரிகைகள் வீட்டில் கிடந்தால் சரை சுற்றாமல் அவர்களுக்குக் கொடுங்கள். மீரியபெத்தைப் பிள்ளைகள் அன்று தமக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளைச் சேர்த்து வைக்க யாரிடம் சொல்வது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.